கோர்ட்டுத் தீர்ப்புகளும் பெண்மக்களும்

சென்ற சில வருஷங்களாக சென்னை ஹைகோர்ட்டிலும், அதற்கு மேல் அப்பீல் போகும் டில்லி சுப்ரீம் கோர்ட்டிலும் கலியாணம், சொத்து, கொலை ஆகிய மூன்று விஷயங்களில் வெளியாகியிருக்கும் சில தீர்ப்புகளைப்பற்றி நமது வாசகர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியது அவசியமென்று கருதுகிறோம். தீர்ப்புகள் இங்கிலீஷில் எழுதப்படுகின்றன. வக்கீல்மார்கள் அவற்றை வாசித்துக்கொள்ளுகிறார்கள். தினசரிப் பத்திரிகைகள் ஒருநாள் பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டு மறுநாள் மறந்துவிடுகின்றன. ஆனால் எந்தப் பெண்ணின் தலையெழுத்து அதில் எழுதப்படுகிறதோ (தலையெழுத்து என்பதாக ஒன்று உண்டா என்பது வேறு சங்கதி) அந்தப் பெண்ணுக்கு மாத்திரம் கடைசிவரை ஒன்றும் தெரிவதில்லை.

கலியாண வழக்கு வேறு, சொத்து வழக்கு வேறு, கிரிமினல் வழக்கு வேறு என்று கோர்ட்டில் தனித்தனி நம்பர் போடுகிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. பெண்ணானவள் தன் இஷ்டப்படி ஒருவனை மணந்துகொள்ளவும், பெற்றவன் சொத்தில் பாகம் கேட்கவும், உயிரோடு இருக்கவும் பாத்தியமுள்ள ஒரு மனித ஜீவன்தானா என்கிற ஒரே கேள்விதான் மூன்றிலும் வேறு வேறு வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது.

முதலில் கலியாணத்தைப் பார்ப்போம். புரோகிதனும் மந்திரமும் இல்லாமல் ஆணும் பெண்ணும் தங்கள் சம்மதத்தைத் தாங்களே சொல்லிச் செய்துகொள்ளும் சுயமரியாதைக் கலியாணம், 1928-ம் வருஷம் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் ஆரம்பமாயிற்று. அதன் பிறகு ஆயிரக்கணக்கான பேர் அம்மாதிரி செய்துகொண்டார்கள். குடித்தனம் நடத்தினார்கள், பிள்ளைகள் பெற்றார்கள். ஊரும் உறவும் ஒப்புக்கொண்டது. ஆனால் 1953-ல் ஒரு வழக்கு சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனபோது, இப்படிப்பட்ட கலியாணம் சாஸ்திரத்திலும் சொல்லப்படவில்லை, நெடுங்கால வழக்கமாகவும் இல்லை, ஆகையால் சட்டப்படி கலியாணமே அல்ல என்று தீர்ப்பாயிற்று. இதன் அர்த்தம் என்னவென்பதை வாசகர்கள் யோசித்துப் பார்க்கவேண்டும். ஐயர் வரவில்லை என்ற ஒரே காரணத்திற்காக, வருஷக்கணக்காய்க் குடித்தனம் செய்தவள் பெண்ஜாதி அல்லாதவளாகிறாள். அவள் வயிற்றில் பிறந்த குழந்தைகள் முறையல்லாத குழந்தைகளாகிறார்கள். சொத்துக்குப் போட்டியிடும் பங்காளிகள் அந்தத் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆனந்தக் கூத்தாடலாம். கலியாணம் செய்துகொண்ட ஆண்மகனுக்கு இதனால் என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. அவன் சொத்து அவனிடத்திலேயே இருக்கும், அவன் பெயரும் கெடாது. தண்டனை முழுவதும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும்தான்.

இந்த அநியாயத்தை நிவர்த்திக்க 1967-ல் அண்ணாதுரை மந்திரிசபை சட்டம் செய்தது. இந்து கலியாணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டு, 1968 ஜனவரி முதல் அமுலுக்கு வந்தது. உறவினரோ, சிநேகிதரோ, வேறு எவரோ முன்னிலையில் தங்களுக்குப் புரிகிற பாஷையில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்றுக்கொள்ளுவதாகச் சொன்னாலும் சரி, மாலை மாற்றிக்கொண்டாலும் சரி, மோதிரம் போட்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, இவற்றில் ஏதாவதொன்று நடந்தால் கலியாணம் செல்லும். முன்னே நடந்த கலியாணங்களுக்கும் இது பொருந்தும்படி செய்யப்பட்டது. புரிகிற பாஷையில் என்று சட்டத்திலேயே எழுதவேண்டி வந்தது ஒன்றே, அதற்கு முன் ஜனங்கள் எந்தப் பாஷையில் கலியாணம் செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்குப் போதுமான ருசு.

நிற்க, இதே சடங்கு விஷயம் கிரிமினல் கோர்ட்டில் எப்படித் தலைகீழாய்ப் புரண்டது என்பதுதான் அதிக வேடிக்கை. ஒருவன் முதல் பெண்ஜாதி உயிரோடிருக்கையில் இரண்டாவது ஒருத்தியைக் கட்டினால் அது குற்றம். பழைய பீனல் கோடில் 494-வது பிரிவு, 2024 ஜூலை முதல் வந்திருக்கும் புதுச் சட்டத்தில் 82-வது பிரிவு. ஏழு வருஷம்வரை ஜெயில் கொடுக்கலாம். ஆனால் முதல் பெண்ஜாதி பிராது கொடுத்துக் கோர்ட்டுக்குப் போனால் அங்கே என்ன கேட்கிறார்கள்? இரண்டாவது கலியாணத்தில் அக்கினி வளர்த்தார்களா, ஏழு அடி எடுத்து வைத்தார்களா, அதைப் பார்த்த சாட்சி யார் என்று கேட்கிறார்கள். பாவம், புருஷனுடைய இரண்டாவது கலியாணத்திற்கு இவளுக்குப் பத்திரிகை வைத்தா அழைத்திருப்பார்கள், அடி எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க? 1965-ல் மகாராஷ்டிரத்து வழக்கொன்றில் கீழ்க்கோர்ட்டும் ஹைகோர்ட்டும் தண்டித்த ஒருவனை, ஓமமும் ஏழடியும் நடந்ததாக ருசுவில்லை, ஆகவே இரண்டாவது கலியாணமே நடக்கவில்லை என்று சொல்லி சுப்ரீம் கோர்ட்டு விடுதலை செய்தது. அதற்குப் பின் எத்தனையோ புருஷர்கள் இந்த வழியாகத் தப்பினார்கள்.

ஆக, சாஸ்திரமானது இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தியல்ல, ஒரே பக்கம் வெட்டுகிற கத்தி. சடங்கு இல்லாமல் கலியாணம் செய்துகொண்ட பெண் பாகம் கேட்டால், சடங்கு இல்லை, நீ பெண்ஜாதியல்ல என்றது. சடங்கைக் குறைத்துக்கொண்டு இரண்டாவது பெண்ணைக் கட்டிய ஆணுக்கோ, சடங்கு இல்லை, நீ குற்றவாளியல்ல என்றது. இரண்டு இடத்திலும் வாசகம் ஒன்றுதான். தோற்றவள் இரண்டு இடத்திலும் பெண்தான்.

தமிழ்நாட்டில் இந்த ஓட்டையை அடைத்ததும் அதே 7-ஏ பிரிவுதான். 1970-ல் ஒரு பெண்ணைக் கலியாணம் செய்துகொண்ட ஒருவர் 1984-ல் வேறொருத்திக்குத் தாலி கட்டினார். தாலி கட்டினது ருசுவாயிற்று. ஏழடி ருசுவாகவில்லை என்று கீழ்க்கோர்ட்டு விடுதலை செய்தது. ஹைகோர்ட்டு அதை மாற்றியது. 2001-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு, தமிழ்நாட்டில் 7-ஏ பிரிவு இருக்கிறபோது ஏழடி அவசியமில்லை, நடந்தது கலியாணம்தான், எனவே குற்றமும் குற்றம்தான் என்று உறுதி செய்தது. சுயமரியாதைக் கலியாணத்திற்காகச் செய்த சட்டமானது, சுயமரியாதைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத, முறைப்படி கலியாணமான ஒரு ஸ்திரீக்கு நியாயம் வாங்கிக்கொடுத்தது. நமது எதிரிகள் இதை எங்கும் சொல்லமாட்டார்களாகையால் நாம் சொல்லவேண்டியிருக்கிறது. ஆனாலும் அந்த அம்மாள் காத்திருந்த வருஷங்கள் பதினேழு.

இனி சமீபத்திய விஷயத்துக்கு வருவோம். 2014-ம் வருஷம் சென்னை ஹைகோர்ட்டில் இரண்டு ஜட்ஜுகள் கொண்ட பெஞ்சு, வக்கீல் ஆபீசிலும் வக்கீல் சங்க அறையிலும் ரகசியமாக நடத்தும் கலியாணம் சுயமரியாதைக் கலியாணமாகாது, வக்கீல் கொடுக்கும் சர்ட்டிபிகேட்டும் கலியாணத்துக்கு ருசுவாகாது என்று சொல்லிற்று. வக்கீல்களில் சிலர் கலியாணத்தையே ஒரு வியாபாரமாக்கிக்கொண்டு சர்ட்டிபிகேட்டுகளை அச்சடித்து விற்றார்கள் என்பதும் பொய்யல்ல. அந்தக் கூட்டத்துக்கு நாம் பரிந்து பேசவரவில்லை. ஆனால் திருடனைப் பிடிக்கப்போய் வீட்டுக்காரன் கையைக் கட்டின கதையாக முடிந்தது அந்தத் தீர்ப்பு. ஜாதிவிட்டு ஜாதி மணக்கத் துணிந்த பிள்ளைகள் எங்கே போய் நாலுபேர் பார்க்கக் கலியாணம் செய்துகொள்ளுவார்கள்? ஊர்க் கோவிலிலா? பெண்ணின் தகப்பனார் வீட்டு வாசலில் பந்தல் போட்டா?

2023 மே மாதம் மதுரை பெஞ்சு இந்த 2014 தீர்ப்பையே பின்பற்றி, தன் மனைவியை அவளுடைய வீட்டார் அடைத்து வைத்திருப்பதாகச் சொல்லி ஆள்கொணர்வு மனுப் போட்ட ஒருவருடைய மனுவைத் தள்ளிவிட்டதோடு, கலியாணத்தை நடத்தினதாகச் சர்ட்டிபிகேட்டுக் கொடுத்த வக்கீல்கள்பேரில் நடவடிக்கை எடுக்கும்படியும் உத்தரவிட்டது. அதே வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதை ரத்து செய்தது. 7-ஏ பிரிவுப்படி நடக்கும் கலியாணத்துக்குப் பகிரங்க விளம்பரம் வேண்டியதில்லை. வீட்டாருடைய எதிர்ப்புக்கும் ஆபத்துக்கும் பயந்து பகிரங்கமாய்ச் செய்துகொள்ள முடியாதவர்களைப் பகிரங்கமாய்ச் செய் என்று வற்புறுத்துவது அவர்கள் உயிருக்கே கேடாக முடியும். வக்கீலும் ஒரு மனிதன், அவன் சிநேகிதனாகவோ உறவினனாகவோ சாட்சியாக நிற்பதில் தடையில்லை, கோர்ட்டு உத்தியோகஸ்தனைப்போல் நடந்துகொள்ளத்தான் கூடாது என்று தெளிவாகச் சொல்லிற்று. ஒன்பது வருஷம் ஹைகோர்ட்டுக் கட்டிடத்தில் நடமாடிய ஒரு தப்பபிப்பிராயம் அன்றோடு தொலைந்தது.

உயிருக்கே கேடு என்று சொன்னது வெறும் வார்த்தை அலங்காரமல்ல. 2003-ம் வருஷம் விருத்தாசலத்தை அடுத்த ஒரு கிராமத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு வாலிபனும், வேறு ஜாதிப் பெண்ணொருத்தியும் ரகசியமாய்க் கலியாணம் செய்து ரிஜிஸ்டர் செய்துகொண்டார்கள். அவர்களைப் பிடித்துவந்து, ஊரார் கண்ணெதிரில் விஷத்தை ஊற்றிக் கொன்று, எரித்தும் விட்டார்கள். பெண்ணின் தகப்பனாரும் உடன்பிறந்தவனும் உட்படப் பலர் அதில் சேர்ந்திருந்தார்கள். போலீசார் என்ன செய்தார்கள்? உள்ளதை மறைத்தார்கள். வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போய், 2021-ல் கடலூர் ஸ்பெஷல் கோர்ட்டு பதின்மூன்று பேரைத் தண்டித்தது. அவர்களில் இரண்டு பேர் போலீசு உத்தியோகஸ்தர்கள். 2022-ல் ஹைகோர்ட்டு தூக்குத்தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றி, பெரும்பாலோருடைய ஆயுள் தண்டனையை ஊர்ஜிதம் செய்தது. 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அப்பீல்களைத் தள்ளிவிட்டது. கொலைக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவில் இருபத்திரண்டு வருஷம்! அந்த ஊரில் அன்றைக்குப் பிறந்த குழந்தை இன்று ஓட்டுப் போடுகிறது.

இந்தக் கொலையை மனதில் வைத்துக்கொண்டு, கலியாணத்தை ஏன் ஒளித்துச் செய்கிறார்கள் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் நமது வாலிபர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் செய்யவேண்டியிருக்கிறது. 2024 ஏப்ரலில் வடநாட்டு வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டு, சடங்கு ஒன்றும் நடத்தாமல் வெறும் ரிஜிஸ்டர் சர்ட்டிபிகேட்டு மாத்திரம் வாங்கிவைத்துக்கொண்டால் இந்துக் கலியாணச் சட்டப்படி அது கலியாணமாகாது என்று சொல்லியிருக்கிறது. ஏழடி முதலியவைகளைப்பற்றி அந்தத் தீர்ப்பில் வைதீகர்களுக்குக் காது குளிரும்படியான வார்த்தைகள் நிறைய இருக்கின்றன. நமக்கு அதில் சம்மதமில்லை. ஆனாலும் அதிலுள்ள காரியாம்சத்தை அலட்சியம் செய்யக்கூடாது. தமிழ்நாட்டில் 7-ஏ பிரிவில் சொல்லியிருக்கும் நாலில் ஒன்றையாவது, அதாவது உறுதிமொழியோ, மாலையோ, மோதிரமோ, தாலியோ, சாட்சிகள் முன்னிலையில் செய்து, அதற்கு ஒரு போட்டோவையோ கையெழுத்தையோ வைத்துக்கொண்டு, அதன்பிறகு 2009-ம் வருஷத்துக் கலியாணப் பதிவுச் சட்டப்படி தொண்ணூறு நாளைக்குள் பதிவும் செய்துவிடவேண்டும். பதிவு என்பது நடந்த கலியாணத்துக்குச் சாட்சி. நடக்காத கலியாணத்தை அது நடத்திவைக்காது. இரண்டில் ஒன்றை விட்டாலும், பிற்காலத்தில் பென்ஷனுக்கோ பாகத்துக்கோ கோர்ட்டுப் படியேறி அழவேண்டியவள் பெண்தான்.

இனி சொத்துக்கு வருவோம். பெண்களுக்கு ஆண்களைப்போல் சமமான சொத்துரிமை வேண்டுமென்று 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு மகாநாட்டில் தீர்மானம் செய்தபோது பரிகாசம் செய்யாத பத்திரிகை எத்தனை? அறுபது வருஷம் கழித்து 1989 மார்ச்சு 25-ந் தேதி முதல், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனைப்போல் மகளுக்கும் பிறப்பிலேயே பாத்தியம் உண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதிலும் அந்தத் தேதிக்கு முன்னே கலியாணமான பெண்களுக்கு இல்லை என்று ஒரு கதவை அடைத்துவைத்தார்கள். 2005 செப்டம்பர் 9-ல் இந்தியா முழுமைக்கும் வந்த சட்டத்தில் அந்தக் கதவும் திறந்தது. உடனே வக்கீல்கள் வேறொரு பூட்டைக் கண்டுபிடித்தார்கள்: அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடிருந்தால்தான் மகளுக்குப் பாகம் என்றார்கள். 2015-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிவிட்டது. 2018-ல் வேறு மாதிரி சொல்லிற்று. கடைசியாக 2020 ஆகஸ்டு 11-ந் தேதி மூன்று ஜட்ஜுகள் உட்கார்ந்து, பாத்தியம் பிறப்பால் வருவது, தகப்பன் அன்று இருந்தானா செத்தானா என்ற கேள்வியே இல்லை என்று தீர்த்துவைத்தார்கள். 2004 டிசம்பர் 20-க்கு முந்தி முறைப்படி நடந்துபோன பாகப்பிரிவினையையும் விற்பனையையும் இப்போது கிளற முடியாது. ஆனால் அண்ணன் தம்பிகள் மட்டும் சேர்ந்துகொண்டு, வாயால் எப்போதோ பிரித்துக்கொண்டோம் என்று கோர்ட்டில் சொல்வதைச் சாதாரணமாய் நம்பக்கூடாது என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. கிராமங்களில் இந்த “வாய்ப்பாகம்” எவ்வளவு பெண்களை வாயடைத்திருக்கிறது என்பது நமது கிராமத்து வாசகர்களுக்கே தெரியும்.

தகப்பன் சுயமாய்ச் சம்பாதித்த சொத்தைப்பற்றியும் ஒரு தீர்ப்பு உண்டு. அது தமிழ்நாட்டு வழக்கேயாகும். 1949-ல் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை, ஒரே மகள். 1956-ம் வருஷத்துச் சட்டம் வருவதற்கு முந்தின சாவு ஆகையால் சொத்து மகளுக்கா, தம்பி மகனுக்கா என்று வழக்கு. 1994-ல் கீழ்க்கோர்ட்டும் 2009-ல் சென்னை ஹைகோர்ட்டும் ஆண்வழிப் பக்கமே தீர்த்தன. 2022 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, பழைய இந்து தர்ம சாஸ்திரங்களின்படியே கூட சுயார்ஜிதச் சொத்து மகளுக்குத்தான் போகவேண்டும் என்று சொல்லிற்று. அதாவது எந்தச் சாஸ்திரத்தைக் காட்டிப் பெண்ணுக்கு இல்லையென்றார்களோ, அந்தச் சாஸ்திரத்திலேயே அவளுக்கு உண்டென்று எழுதியிருக்கிறதாம்! அப்படியானால் இத்தனை காலம் அதை வாசித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டா வாசித்தார்கள்? தகப்பன் செத்து எழுபத்துமூன்று வருஷம் கழித்து மகள் ஜெயித்தாள். மகளோ 1967-லேயே இறந்துபோனாள்.

2023 ஜூனில் சென்னை ஹைகோர்ட்டில் ஒரு ஜட்ஜு கொடுத்த தீர்ப்பைப்பற்றியும் சொல்லாமலிருக்க முடியாது. புருஷன் சவூதி அரேபியாவில் வேலைபார்த்துப் பணம் அனுப்பினான். பெண்ஜாதி ஊரிலிருந்து பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தைப் பார்த்தாள். அந்தப் பணத்தில் வாங்கின சொத்து யாருடையது என்று வழக்கு. பணம் என்னுடையது, அவள் என்ன சம்பாதித்தாள் என்பது புருஷன் கட்சி. அவள் வீட்டைப் பார்த்ததால்தான் அவன் கவலையில்லாமல் சம்பாதிக்க முடிந்தது, அவள் வேலைக்கு நேரமுமில்லை லீவுமில்லை, ஆகையால் சொத்தில் அவளுக்கும் சரிபாதி உண்டு என்று ஜட்ஜு தீர்த்தார். இதற்கென்று தனிச்சட்டம் இல்லையே என்றால், ஒப்புக்கொள்ளக்கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லையே என்றார். சமையற்காரி, ஆயா, நர்சு, கணக்குப்பிள்ளை, காவற்காரி ஆகிய ஐந்து பேருக்குச் சம்பளம் போட்டுப் பார்த்தால் எந்தப் புருஷனும் பாதிச் சொத்தோடு தப்பித்தோம் என்று சந்தோஷப்படுவான். ஒரு ஜட்ஜின் தீர்ப்புத்தானே, நாளைக்கு மாறலாம் என்று சிலர் சொல்லுகிறார்கள். மாறலாம்தான். அதனால்தான் இதைச் சட்டமாகவே செய்யவேண்டும் என்கிறோம்.

அன்றியும், செல்லாத கலியாணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் தாய் தகப்பன் பாகத்தில் பங்கு உண்டு என்று 2023 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. 1953-ல் நினைத்தும் பார்க்க முடியாத சங்கதி இது.

இவ்வளவும் வந்துவிட்டதே, பெண்களுக்கு இனி என்ன குறை என்று சிலர் கேட்கலாம். குறை சப் ரிஜிஸ்டிரார் ஆபீசில் இருக்கிறது. தகப்பன் கருமாதி முடிந்து ஒரு மாதம் ஆவதற்குள் தங்கையைக் காரில் ஏற்றிக் கூட்டிவந்து, ஓட்டலில் டிபன் வாங்கிக்கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, ஒரு சேலையோடு பஸ் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். உனக்குத்தான் கலியாணத்தில் நகை போட்டோமே, சீர் செய்தோமே என்கிறார்கள். வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961 முதல் குற்றம் என்பது ஒருபுறமிருக்கட்டும். அந்த நகை இன்று யார் வீட்டு அடகுக்கடைச் சீட்டில் இருக்கிறது? பெண்ணின் கையிலா? கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்ற பயத்தினாலேயே அவள் போடுகிறாள். இஷ்டப்பட்டுப் போட்டேன் என்று பத்திரத்தில் எழுதியுமிருக்கிறது. பிற்பாடு எந்த ஹைகோர்ட்டுக்குப் போனாலும் அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். இன்னும் சிலர் இந்தச் சிரமமும் வேண்டாமென்று, தகப்பனாரிடம் சுயார்ஜிதத்தை மகன்கள் பேருக்கே உயில் எழுதி வாங்கிவிடுகிறார்கள். அதற்கு எந்தத் தீர்ப்பும் எட்டாது.

இதில் நமக்கு அதிக வருத்தம் என்னவென்றால், இப்படிக் கையெழுத்து வாங்குகிறவர்களில் வைதீகர்கள் மட்டும் இல்லை. மேடையில் பெண்விடுதலை பேசிவிட்டு, புரோகிதன் இல்லாமல் கலியாணமும் செய்துகொண்டு, பாகம் என்று வரும்போது மாத்திரம் மனுதர்மக்காரர்களாகிவிடுகிற தோழர்களையும் நாம் அறிவோம். அவர்களை நாம் கேட்பது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. சொத்து தகப்பனாருடையது, சட்டம் சர்க்காருடையது, தீர்ப்பு சுப்ரீம் கோர்ட்டினுடையது. இவர்கள் கையைவிட்டுக் கொடுக்கவேண்டியது எதுவுமில்லை. வாரிசு சர்ட்டிபிகேட்டில் தங்கை பேரை விடாமல் எழுதி, தாலுகா ஆபீசில் பட்டாவில் அவள் பேரையும் சேர்க்க மனுக்கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு வரட்டும்.